கடைசி நான்கு வரி

4 செப்டம்பர், வியாழன்

இந்த வாரம் இருபத்து மூன்று கவிதைகள். பதினான்கில் ஏற்கெனவே விடிந்திருந்தது. மீதி ஒன்பதை நான் விடிய வைக்க வேண்டும்.

எங்கள் பத்திரிகையில் அதுதான் சட்டம். ஞாயிறு கவிதைப் பக்கத்தில் யார் என்ன எழுதி அனுப்பினாலும், கடைசி நான்கு வரி நம்பிக்கையோடு முடிய வேண்டும். ஆசிரியர் திருச்செல்வம் பதவிக்கு வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை தோசை சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவன அழ வைக்கக்கூடாது வசு." பத்தொன்பது வருடமாக நானும் யாரையும் அழவிடவில்லை. வேலை போனவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருஷன் விட்டுப் போனவள் எல்லாரும் என் கையில் நான்கே வரியில் எழுந்து நின்றுவிடுவார்கள். விடியல், சிறகு, விதை, அலை. என்னிடம் இருப்பது இந்த நாலு சாமான்தான். அடுத்தடுத்த வாரம் ஒன்றே வராமல் மாற்றி மாற்றிப் போடுவது மட்டும்தான் என் திறமை. எழுதியவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பெயர் அச்சில் வந்தால் போதும் அவர்களுக்கு. சிலர் போன் போட்டு நன்றிகூடச் சொல்வார்கள்.

இன்று ஒன்று நன்றாக இருந்தது. கிள்ளான் ரெங்கசாமி அனுப்பியது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வரும். பள்ளிக்கூட நோட்டுத் தாள், நீல மை, கோணல் இல்லாத எழுத்து. ஒரு காலை இழந்தவன் செருப்பு வாங்கப் போகிறான்:

ஒற்றை விற்பதில்லை அங்கிள் என்றான் கடைக்காரன்.
இரண்டும் வாங்கி ஒன்றை எறிகிறேன்.
எறிந்த செருப்புகள் எல்லாம் எங்கே போகின்றன?
எனக்கு முன்னால் போய் ஏதோ ஒரு வாசலில்
எனக்காகக் காத்து நிற்கின்றனவா?

படித்துவிட்டு டீயை ஆறவிட்டேன். அது எப்போதாவதுதான் நடக்கும்.

ஆனால் அவருடைய கடைசி நான்கு வரி கவிதையாகவே இல்லை. யாருக்கோ எழுதிய கடிதம் போலிருந்தது. பாப்பா என்கிறார், காகிதம் என்கிறார், கையெழுத்து என்கிறார். வெட்டிவிட்டு, சிறகும் விடியலும் சேர்த்து நான் எழுதினேன்:

போகட்டும் செருப்புகள்,
ஒற்றைக் காலும் எனக்குச் சிறகே.
யாருடைய தோளும் வேண்டாம்,
விடியலை நானே நடந்து தொடுவேன்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தாளைக் கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஐம்பத்தாறு வயதில் பிழைப்பு இப்படி. இருக்கட்டும், நாளை நன்றாக இருக்கும்.

பார், நாட்குறிப்பிலும் விடிய வைக்கிறேன். யாருக்காக?

7 செப்டம்பர், ஞாயிறு

பக்கம் வந்தது. காலையில் மூன்று வாட்ஸ்அப். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "யாருடைய தோளும் வேண்டாம் என்ற வரி என்னை எழுப்பி உட்கார வைத்தது" என்று எழுதியிருக்கிறார். கவிஞருக்குச் சொல்லுங்கள் என்று இரண்டு பூ வேறு. அந்த வரியின் கவிஞர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏழாவது மாடியில் நேற்றைய சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

மாலையில் மெல்பர்னிலிருந்து கூடப்பிறந்த கேதீஸ்வரன் அண்ணாவின் போன். ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவார், அதில் குறையில்லை. எப்பிடி இருக்கிறாய் என்பார். நல்லா இருக்கிறன் என்பேன். அதற்குப் பிறகு அங்கே என்ன குளிர் என்று பேசுவோம்.

10 செப்டம்பர், புதன்

மழை. தலைவலி. கம்போங் மேடானிலிருந்து ஒருவர் ஒரே கவிதையை ஐந்தாம் முறையாக அனுப்பியிருக்கிறார்.

17 செப்டம்பர், புதன்

மதியம் மேசைக்குப் போன் வந்தது.

"அம்மா, நான் கிள்ளான் ரெங்கசாமி. செருப்புக் கவிதை எழுதுனவன்."

ரொம்ப நன்றாக இருந்தது அண்ணே, நிறையப் பேர் பாராட்டினார்கள் என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் கடைசி நாலு வரி எங்கம்மா?" என்றார்.

இடமில்லாததால் சுருக்கினோம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சுருக்கியிருந்தால் பரவாயில்லை, நீங்கள் வேறு எழுதிவிட்டீர்கள் என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், பழக்கம்தான். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அத நான் கவிதைக்கின்னு எழுதலம்மா. என் மகளுக்கு எழுதுனது. பேப்பர்ல வந்திருச்சின்னு கேள்விப்பட்டு பத்து நாளா வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னைக்கித்தான் பக்கத்து வீட்டுப் பையன் பழைய பேப்பரக் கொண்டாந்து குடுத்தான். அதுக்கப்புறந்தான் தெரிஞ்சிச்சி, அவ ஏன் வரலன்னு."

என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. படித்தவள் நான். படித்து, வெட்டி, கசக்கி எறிந்தவள்.

போனில் சொல்ல முடியாது, முடிந்தால் வீட்டுக்கு வாங்க என்று முகவரி சொன்னார். குப்பைத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். பதின்மூன்று நாள் ஆகிவிட்டது, அதில் என்ன இருக்கும்? பைத்தியம் மாதிரி பார்த்தேன்.

20 செப்டம்பர், சனி

கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி கிள்ளான் போனேன். ஸ்டேஷனிலிருந்து கிராப் டாக்சி. ஒரு தளத்து வரிசை வீடு. கதவு திறந்தே இருந்தது. முன்கூடத்தில் சக்கர நாற்காலியில் அவர். அறுபத்திரண்டு வயது, நல்ல கட்டான தோள்கள். முப்பது வருடம் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டியவர். துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும்போதுதான் எழுதப் பழகினாராம். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது பாதத்தில் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அறையில் ஊதுவத்தி ஏற்றியிருந்தும் அந்த வாடை தெரிந்தது. கவிதையில் அவர் கற்பனைக்காகக் காலை இழக்கவில்லை. நான் உருவகம் என்று நினைத்தேன். இலக்கியம் படித்த லட்சணம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு சர்க்கரை நோயால் காலில் புண் புரையோடி, காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகள். காலை எடுக்காவிட்டால் விடிவதற்குள் போய்விடுவார் என்று சொல்லி, சம்மதக் காகிதத்தை மகளிடம் நீட்டியிருக்கிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். கண் விழித்தவர், போர்வைக்கு அடியில் கால் இல்லாததைப் பார்த்துவிட்டு, வார்டே கேட்கிற மாதிரி அவளைத் திட்டியிருக்கிறார். என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டாயே, லோரிக்காரனுக்குக் கால் இல்லாமல் என்ன இருக்கிறது, இனி என் முகத்தில் விழிக்காதே என்று. மூன்று மாதம் அவள் சாப்பாட்டோடு வந்து வாசலில் நின்றிருக்கிறாள். இவர் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது இந்தக் காலும். மாதக் கடைசிக்குள் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் போகவில்லை.

நீங்களே கையெழுத்துப் போடலாமே என்றேன்.

"போடலாம். போட்டா கால் போவும், நான் இருப்பேன். ஆனா அவ அன்னைக்கிப் போட்டது தப்புன்னே நின்னுடும்லம்மா. அவ போட்டதாலதான் இத்தன நாளு சோறு திங்கிறேன். இத நான் அவகிட்ட சொன்னதே இல்ல. அவ வந்து போடட்டும். இல்லன்னா இது இப்படியே கெடக்கட்டும்."

போன் பண்ணிப் பேசுங்கள் என்றேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், லோரிக்காரன் வாய், எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்றார். மகள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே இவர் கவிதைகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டுவாளாம். ஞாயிறு பேப்பர் பார்க்காமல் இருக்க மாட்டாள் என்று அடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "இப்பவும் பாக்குறாளான்னு தெரியாது" என்றார்.

அவள் பேரைச் சொல்லுங்கள், நான் போய்ச் சொல்கிறேன் என்று எவ்வளவோ கேட்டேன். முடியாது என்றுவிட்டார். நீங்கள் போய்ச் சொன்னால் பாவம் பார்த்து வருவாள், எனக்கு அது வேண்டாம், படித்துவிட்டு வரவேண்டும் என்றார். பாப்பா என்பதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை அவர் வாயிலிருந்து. ரெங்கசாமியின் மகள் என்று தேடினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப் பெண்கள் வந்து நிற்பார்கள்.

கடைசி நான்கு வரியைச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இந்த நாட்குறிப்பில்தான் எழுதிக்கொண்டேன்:

பாப்பா,
மிச்சக் காலுக்கும் காகிதம் வந்துவிட்டது.
போன முறை நீ போட்ட கையெழுத்தால்தான் இருக்கிறேன்.
இதற்கும் நீயே வந்து போடு.

கவிதையாகவே இல்லை என்று வெட்டினேனே. நானா வெட்டினேன் இதை?

ஒரு படம் எடுத்துக்கொண்டேன், கவிதையோடு போட. சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

22 செப்டம்பர், திங்கள்

திருச்செல்வம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவிதையை முழுதாக மறுபடி போட வேண்டும் என்றேன்.

மனிதர் கெட்டவர் இல்லை. முகம் வாடித்தான் கேட்டார். தொகுதி உறுப்பினர் ஒய்.பி. ஆபீஸில் சொல்லி நல்ல சக்கர நாற்காலி வாங்கித் தரலாம் என்றார். ஆனால் மறுபடி போட முடியாதாம். போட்டால் நாங்கள் கவிதைகளைத் திருத்துகிறோம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பத்தொன்பது வருடக் கவிதைகளுக்கும் ஆளாளுக்குக் கணக்குக் கேட்பார்கள். தீபாவளி நெருங்குகிறது, இப்போது போய்க் கால் வெட்டுகிற கவிதையா என்றார்.

"அவரு செத்துருவாரு சார்."

"நாம பேப்பர் நடத்துறோம் வசு, ஆஸ்பத்திரி நடத்தல."

வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன். இவ்வளவு வருடத்தில் இந்த ஆபீஸில் முதல் தடவை. அழுது முடிந்ததும் பசித்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

23 செப்டம்பர், செவ்வாய்

ஒருவேளை அவள் பேப்பர் பார்ப்பதே இல்லையோ. பார்த்திருந்தால்? யாருடைய தோளும் வேண்டாம். அப்பா எழுதியது என்று நினைத்துத்தானே படித்திருப்பாள். ஐயோ.

24 செப்டம்பர், புதன்

மதியச் சாப்பாட்டில் விளம்பரப் பகுதி ஜெயராஜ் எதிரே உட்கார்ந்து புலம்பினான். நினைவஞ்சலி விளம்பரம் ஒன்று வந்திருக்கிறதாம். அதில் இருக்கும் பாட்டில் பதினோரு பிழை, திருத்தலாமா என்று கேட்டால் அந்த அம்மா முடியவே முடியாது என்கிறார்களாம்.

"என்ன பண்றது அக்கா? காசு கட்டிப் போடுறவங்க எழுத்துல நாம கை வைக்கக்கூடாது. அதான் ரூல். ஆசிரியரே வைக்க முடியாது லா."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவனுடைய அறிவிப்புப் பக்கம். மரண அறிவித்தல், நினைவஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து, நன்றி நவிலல் எல்லாம் கலந்து வரும் பக்கம். நம் ஆட்கள் பேப்பரைத் திறப்பதே அங்கிருந்துதான். என் பக்கத்தை மீன் கழுவ விரிப்பார்களோ என்னவோ, அந்தப் பக்கத்தை ஒரு பெயர் விடாமல் படிப்பார்கள். அவள் கவிதை படிப்பதை விட்டிருந்தாலும் அதைப் படித்திருப்பாள்.

26 செப்டம்பர், வெள்ளி

ஜெயராஜின் கவுண்டரில் போய் பொதுமக்களில் ஒருத்தி மாதிரி நின்றேன். படிவம் ஒன்றுதான் இருக்கிறது, எல்லா அறிவிப்புக்கும் அதே. பெயர் என்று இருந்த இடத்தில் கிள்ளான் கு. ரெங்கசாமி. தோற்றம் என்ற இடத்தில் 1963. மறைவு என்ற இடத்தை விட்டுவிட்டேன். வாசகம் என்ற இடத்தில் கவிதை முழுவதும், செருப்பிலிருந்து கையெழுத்து வரை. படத்தை அவன் போனுக்கு அனுப்பினேன். கட்டணத்தை என் கையிலிருந்து கட்டிவிட்டேன். உங்கள் சொந்தக்காரரா அக்கா என்று மட்டும் ஜெயராஜ் கேட்டான். ஆமாம் என்றேன்.

ரெங்கசாமி அண்ணனுக்குப் போன் போட்டு, ஞாயிறு முழுசாக வருகிறது, ஒரு எழுத்துக்கூட மாறாது என்றேன். "சரிம்மா, ஷேவ் பண்ணிக்கிறேன்" என்றார்.

28 செப்டம்பர், ஞாயிறு

காலை ஆறரைக்குக் கீழே போய்ப் பேப்பர் வாங்கினேன். நடைபாதையிலேயே பிரித்தேன்.

கறுப்புக் கட்டம். மூலையில் எரிகிற குத்துவிளக்கு. நடுவில் சட்டை மாற்றிக்கொண்டு சிரிக்கிற ரெங்கசாமி. கீழே தோற்றம்: 1963. மறைவு: என்று போட்டு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. இடப்பக்கத்தில் பெந்தோங் பவுனம்மாளின் மரண அறிவித்தல், வலப்பக்கத்தில் யாருக்கோ ஐந்தாம் ஆண்டு நினைவஞ்சலி.

பக்கம் கட்டுகிறவனைச் சொல்லிக் குற்றமில்லை. தோற்றம் என்று ஒருவர் நிரப்பினால் அவன் விளக்கேற்றாமல் என்ன செய்வான்? நிரப்பியது நான். முப்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்கிறவள், ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது. கவிதையை வெட்டினதும் நான். இப்ப ஆளையே கொன்னதும் நான்தான். கடவுளே, அவ பாத்துட்டு என்ன ஆவா?

ஏழு மணியிலிருந்து அவருக்குப் போன் போட்டேன். பேசிக்கொண்டே இருக்கிறது லைன். பத்துக்கு கிராப் கூப்பிடலாம் என்று செருப்பை மாட்டினேன், எந்த முகத்தோடு போவது என்று கழற்றிவிட்டேன். மறுபடி மாட்டினேன். பதினொன்றே காலுக்கு அவரே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். விடவில்லை.

ஏழு மணிக்கே பழைய லோரிக் கூட்டாளிகள் மூன்று பேர் ரோஜா மாலையோடு வந்துவிட்டார்களாம். கதவைத் திறந்தால் செத்தவர் முகம் மழித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருவன் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசல் கேட்டில் மாட்டினானாம். பிறகு தெருவே வந்தது. கூடாரம் போடுகிறவன் வந்து எத்தனை நாற்காலி என்று கேட்டான். ராதாகிருஷ்ணன் என்று ஒரு பழைய மேற்பார்வையாளர், பத்து வருடமாக இவரோடு பேசாதவர், வந்து உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மகள் வந்தாள். டெங்கில் ஊரிலிருந்து, வீட்டில் போட்டிருந்த துணியோடு.

"கூட்டத்தப் பாத்துட்டு அப்பான்னு கத்திக்கிட்டு உள்ள வந்தாம்மா. நான் மைலோ குடிச்சிக்கிட்டு இருக்கேன். அப்படியே வாசப்படில உக்காந்துட்டா. கவிதையப் படிச்சியான்னு கேட்டேன். இல்லப்பா, படத்தப் பாத்ததும் ஓடியாந்துட்டேன்னா."

படித்துவிட்டு வரவேண்டும் என்று இத்தனை நாள் அடம் பிடித்த மனிதர். இதைச் சொல்லும்போது அவர் குரலில் அடமும் இல்லை, ஒன்றும் இல்லை. பேப்பரை அவள் கையில் கொடுத்து, இப்போது படி என்றாராம்.

"அங்கயே வாசப்படில உக்காந்து படிச்சா. அந்தச் சின்னக் கட்டத்தப் படிக்க எவ்ளோ நேரமாகும்? அரை மணி நேரம் படிச்சாம்மா. நாங்க எல்லாரும் அவ படிச்சி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம்."

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. யார் என்று நான் கேட்கவில்லை.

29 செப்டம்பர், திங்கள்

ஆபீஸுக்கு எழுபது போன் வந்திருக்கிறதாம், உயிரோடு இருக்கிறவரை ஏன் சாகடித்தீர்கள் என்று. திருச்செல்வம் சார் கத்தவில்லை. கவிதைப் பக்கத்தை இனி வேறு ஒருவர் பார்ப்பார், நீ ஜெயராஜுக்கு உதவியாக அறிவிப்புப் பக்கத்தைச் சரிபார், விளக்கு எங்கே வருகிறது எங்கே வரக்கூடாது என்று நீதான் பொறுப்பு என்றார். சரி சார் என்றேன். கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு வந்திச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் மேசையைக் காலி செய்தேன். இரண்டு டப்பா. ஒன்றில் என்னுடைய ஒரே கவிதைப் புத்தகம், இருபத்தேழு வயதில் போட்டது. திறக்கவில்லை. மூட்டு வலிக்கிறது.

ரெங்கசாமி இன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி. அனுப்பியது தெரியாத எண். கீழே, நான் அவர் மகள் தாமரை, என்று இருந்தது. மாதம் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

5 அக்டோபர், ஞாயிறு

தகவல் ஒன்றும் இல்லை. ஆறு நாள். கேட்கப் பயமாக இருக்கிறது. அறிவிப்புப் பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு படிவத்திலும் முதலில் பெயரைப் பார்க்கிறேன்.

அண்ணா கூப்பிட்டார். எப்பிடி இருக்கிறாய் என்றார். களைச்சுப்போனன் அண்ணா என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. தனக்கும் இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லை என்றார் அவர். இன்று குளிரைப் பற்றிப் பேசவில்லை.

9 அக்டோபர், வியாழன்

தாமரை கூப்பிட்டாள். என்னை ஆன்டி என்கிறாள். குரல் அவள் அப்பாவுடையது போலவே நிதானமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கால் எடுத்தார்களாம். சர்க்கரை இறங்குவதற்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நேற்றுக் கண் விழித்து, ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில் வைக்க முடியவில்லை என்று நர்ஸிடம் மலாயில் சண்டை போட்டிருக்கிறார். டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். செப்டம்பரில் வந்த அந்தக் கவிதையின் முடிவு அப்பா எழுதியது இல்லை, நான் எழுதியது என்று. தெரியும், அப்பா சொன்னார் என்றாள். நீ படித்தாயா அம்மா என்றேன்.

"படிச்சேன் ஆன்டி. வெட்டி நோட்டுல ஒட்டிக்கூட வச்சேன். யாருடைய தோளும் வேண்டாம்னு இருந்துச்சி. சரி, அப்பா தேறிட்டாரு, நாம போய் நின்னா மறுபடி காலத்தான் நெனைப்பாருன்னு... போவேணாம்னு முடிவு பண்ணிட்டேன்."

என்மேல் கோபமா என்று கேட்டேன். "தெரியல ஆன்டி" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். எனக்கும் அதுவே போதும் என்று தோன்றியது.

கையெழுத்து விஷயத்தைப் பிறகு சொன்னாள். மகள்தான் போடுவாள் என்று இவர் ஒரே பிடியாக நின்றிருக்கிறார். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போது வேறு யாரும் போடக்கூடாது, சட்டம் இடம் கொடுக்காது என்று ஒரு சின்ன வயது டாக்டர் பெண் மூன்று முறை விளக்கியிருக்கிறாள். கடைசியில் இவர் பேனாவை வாங்கிக்கொண்டு, அப்படியானால் என் மகள் எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறார். டாக்டர் தாளில் ஓர் இடத்தைக் காட்டினாளாம்.

போனை வைத்த பிறகு தாமரை அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாம் மலாயில் அச்சிட்டது. நோயாளி என்ற இடத்தில், லோரி லைசென்ஸிலிருந்து எல்லாவற்றிலும் அவர் போட்டிருக்கக்கூடிய கிறுக்கல் இல்லை. தமிழில், நோட்டுத் தாளில் எழுதுவது போலவே, கோணல் இல்லாமல் ரெங்கசாமி என்று முழுப் பெயரையும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் தாமரை.